கூட ஒருவர் இல்லாமல் சினிமாவுக்கு: 'பதான்' வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஷாருக் கான் நடித்த 'பதான்' 2023 ஜனவரி 25ஆம் தேதி வெளியானது. இந்தியில் எடுத்து, தமிழிலும் தெலுங்கிலும் டப் செய்து வெளியிட்ட படம். வெளியீட்டுக்கு முன் நாடு முழுக்க அதன் பாடல் ஒன்றில் வந்த உடையின் நிறத்தைப் பற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அதே நாட்களில், அந்த நிறத்தைப் பார்க்கவே முடியாத சிலர் வேறொன்றைக் கேட்டு டெல்லி உயர் நீதிமன்றம் போயிருந்தார்கள். இந்தப் படத்தை நாங்களும் எல்லோரையும் போலப் பார்க்க வழி செய்யுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது.

ஜனவரி 16ஆம் தேதி நீதிபதி பிரதிபா எம். சிங் உத்தரவு போட்டார். படத்தின் ஓடிடி பதிப்புக்கு ஒலி விவரணை (திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்வது), சப்டைட்டில், குளோஸ்டு கேப்ஷன் (வசனத்தோடு மற்ற சத்தங்களையும் எழுத்தில் காட்டுவது) மூன்றையும் தயாரிப்பு நிறுவனம் தயார் செய்ய வேண்டும். பிப்ரவரி 20க்குள் தணிக்கை வாரியத்திடம் கொடுக்க வேண்டும். வாரியம் மார்ச் 10க்குள் முடிவெடுக்க வேண்டும். தியேட்டர் வெளியீட்டுக்கு மட்டும் எந்தக் கட்டளையும் இல்லை. படம் ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிவிட்டது, வெளியீட்டுக்குச் சில நாட்களே இருந்தன.

வழக்கின் பெயர் 'அக்ஷத் பால்ட்வின் மற்றும் சிலர் எதிர் யஷ் ராஜ் ஃபிலிம்ஸ்'. மனுதாரர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் செவித்திறன் குறைபாடு உள்ளவர்களும் இருந்தார்கள். சட்ட மாணவரும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். படித்து, வேலை பார்த்து, சொந்தக் காசில் டிக்கெட் வாங்கக்கூடிய பெரியவர்கள். இந்த வழக்கை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள எனக்கு முதல் காரணம் அதுதான். பார்வையற்ற பெரியவர்களுக்கு என்ன தேவை என்று நம் ஊரில் பேச்சு வந்தால் வேலை, உதவித்தொகை, பஸ் பாஸ் என்று பட்டியல் ஓடும். மூன்றும் தேவைதான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து, 'இன்னைக்கு ஒரு படத்துக்குப் போகலாமா' என்று தோன்றினால் என்ன செய்வது என்பதை யாரும் கேட்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் சாயங்காலம் என்று ஒன்று உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது

மனுதாரர்கள் கருணை கேட்டுப் போகவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்கும் உரிமையைப் பேசுகிறது. 42ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் எல்லாமே அணுகக்கூடிய வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒலி விவரணை, சைகை மொழி, கேப்ஷன் மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 30ஆவது பிரிவும் திரைப்படம், நாடகம், தொலைக்காட்சி என்று இதையே சொல்கிறது.

சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2019இல் தொலைக்காட்சிக்கு அணுகல் தரநிலைகள் வந்தபோது அவை செவித்திறன் குறைந்தவர்களுக்கு மட்டுமே. அதே ஆண்டு அக்டோபரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், படங்களில் ஒலி விவரணையும் கேப்ஷனும் சேர்க்கும்படி திரைத்துறையைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதோடு சரி. செய்யாவிட்டால் என்ன என்பதற்கு அதில் பதில் இல்லை. 'பதான்' வழக்கு பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

காதால் படம் பார்த்த ஊர்

பார்வையற்றவருக்கு எதற்கு சினிமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் பதில் சொல்வது சுலபம். ஒரு காலத்தில் நாம் எல்லோருமே காதால் படம் பார்த்தவர்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கித் தருவார்கள், வீடே உட்கார்ந்து கேட்கும். கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, இசைத்தட்டில் கதை வசனம் ஓட விடுவார்கள். படத்தை ஒருமுறைகூடப் பார்க்காமலேயே வசனத்தை முழுதாக ஒப்பித்தவர்கள் எத்தனையோ பேர்.

அது நடந்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் படங்கள் பல நாடக மேடையிலிருந்து வந்தவை. 'யாரது? அண்ணனா? கையில் என்ன கடிதம்?' என்று பாத்திரமே கேட்டுச் சொல்லிவிடும். பிறகு படம் எடுக்கும் விதம் மாறியது. சொல்லாமல் காட்டுவதுதான் நல்ல சினிமா என்று ஆயிற்று. அது வளர்ச்சிதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் வசனம் குறையக் குறைய, காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தவர் படத்தை விட்டு ஒவ்வோர் அடியாக வெளியே தள்ளப்பட்டார். இன்றைய ஆக்‌ஷன் படத்தில் பத்து நிமிடச் சண்டை என்றால் அவருக்குக் கிடைப்பது 'டமால்', 'ஆ', கண்ணாடி உடையும் சத்தம், மேலே அதிரும் பின்னணி இசை. யார் அடித்தார், யார் விழுந்தார்? தியேட்டர் ஏன் விசிலடிக்கிறது? பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

நான் பல வருடங்களாக ஒரு நண்பருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காதில் சொல்லிக்கொண்டு வருகிறேன். அவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், பிறவியிலேயே பார்வையற்றவர். சினிமாப் பைத்தியம். முன்வரிசையில் இருப்பவர் திரும்பிப் பார்த்து 'ஷ்ஷ்' என்பதும், நான் அடுத்த ஷாட்டைச் சொல்லாமல் விழுங்குவதும் எங்களுக்குப் பழகிப்போனவை. அவருக்கு உறுத்துவது அது இல்லை. எனக்கு நேரம் இருக்கும்போது, எனக்குப் பிடித்த படத்துக்கு, எனக்குத் தோதான காட்சிக்குத்தான் அவரால் போக முடிகிறது. நான் ஊரில் இல்லை என்றால் அவருக்கு அந்தப் படமும் இல்லை. நான் பார்த்ததைத்தான் அவரும் பார்க்க முடியும், என் கண் தவறவிட்டது அவருக்குக் கிடையாது. ஒலி விவரணையின் பயன் என்ன என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். அது அவரை என்னிடமிருந்து விடுவிக்கிறது.

பதினோரு விநாடியில் என்ன சொல்லலாம்

ஒலி விவரணை என்பது வசனத்துக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிகளில் திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்வது. கேட்க எளிதாக இருக்கும், எழுதிப் பார்த்தால்தான் சிரமம் தெரியும்.

நானே கற்பனை செய்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். இரவு, சமையலறை. வசனமே இல்லாத பதினோரு விநாடி. ஒலித்தடத்தில் இருப்பது இவ்வளவுதான்: தாழ்ப்பாள் திறக்கும் சத்தம், வளையல் ஓசை, ஒரு காகிதச் சலசலப்பு, தகர மூடி. அடுத்து, "இன்னும் தூங்கலையா நீ?" என்று ஒரு வயதான பெண்ணின் குரல். பார்வையற்ற ரசிகருக்கு இந்தக் கேள்வியில் ஒன்றுமே இல்லை. ஆனால் திரையில் மருமகள் இடுப்பில் செருகியிருந்த அடகுக் கடை ரசீதை எடுக்கிறாள், நான்காக மடிக்கிறாள், அரிசி டப்பாவுக்கு அடியில் வைக்கிறாள். அவள் கழுத்தில் தாலிக்கொடி இல்லை, மஞ்சள் கயிறு மட்டும் இருக்கிறது. நிலைப்படியில் மாமியார் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விவரணை எழுதுபவர் இப்படி எழுதலாம்: "சமையலறை. மருமகள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். அடகு ரசீதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைக்கிறாள். நிலைப்படியில் மாமியார்." பதினோரு விநாடிக்குள் சொல்லிவிடலாம். இதில் எழுதாமல் விட்டவைதான் முக்கியம். 'திருட்டுத்தனமாக' என்று எழுதவில்லை. 'நகையை அடகு வைத்துவிட்டாள்' என்றும் எழுதவில்லை. கண்ணால் பார்ப்பவருக்குப் படம் அதைச் சொல்லவில்லை, அவராகக் கண்டுபிடிக்க விட்டிருக்கிறது. காதால் பார்ப்பவருக்கும் அந்தக் கண்டுபிடிப்பின் சந்தோஷம் கிடைக்க வேண்டும். மாமியாரை எந்த நொடியில் சொல்வது என்பதும் இருக்கிறது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அந்தக் குரல் தரும் திடுக்கிடல் போய்விடும். வசனம் வந்த பிறகு சொன்னால் அவர் எதைப் பார்த்தார் என்பது புரியாது.

இது படைப்பு வேலை. படத்தின் கோப்பைக் கடைசி நேரத்தில் யாரிடமோ கொடுத்து, காட்சியைப் பட்டியல் போட்டு வாசிக்கச் சொன்னால் வராது. நம் படங்களில் பாட்டு வேறு இருக்கிறது. ஐந்து நிமிடப் பாட்டில் வரிகளுக்கு மேலே பேசினால் பாட்டு கெடும், பேசாவிட்டால் அந்த ஐந்து நிமிடத்தில் காதலித்துக் கல்யாணம் முடித்துவிடும் ஜோடியைத் தவறவிடுவோம். இடையிசையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பல்லவி வரும்போது ஒதுங்கிக்கொள்வதுதான் என் கணக்கில் சரியான வழி. வெளிநாட்டு விவரணைக் கையேடுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் இதற்கெல்லாம் விடை கிடைக்காது.

இந்தத் துறையின் தொடக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வாஷிங்டனில் அரீனா ஸ்டேஜ் என்ற நாடக அரங்கில் 1981இல் பார்வையற்றோருக்காக நாடகங்களை விவரித்துச் சொல்லும் முறையை உருவாக்கியவர் மார்கரெட் ஃபான்ஸ்டீல், பின்னாளில் கணவரான கோடியோடு சேர்ந்து. மார்கரெட் பார்வையற்றவர். பார்வையற்றவர்களுக்கு நாளிதழ்களை வாசித்து ஒலிபரப்பும் வானொலிச் சேவை ஒன்றை 1974இலேயே தொடங்கி நடத்தியவர். தனக்கு எது வேண்டும் என்று தெரிந்த ரசிகரிடமிருந்துதான் முறையே பிறந்தது.

உத்தரவுக்குப் பிறகு

'பதான்' உத்தரவின் பலன் ஒரு படத்தோடு நிற்கவில்லை. 2024 மார்ச் 15ஆம் தேதி தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், தியேட்டரில் வெளியாகும் படங்களுக்கான அணுகல் தரநிலை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழியில் சான்றிதழ் பெறும் படம் என்றால், செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஒரு வசதி, பார்வையற்றவர்களுக்கு ஒரு வசதி, குறைந்தது இவ்விரண்டும் இருக்க வேண்டும். இதற்கு ஆறு மாத அவகாசம். தேசிய விருதுக்கும் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் அனுப்பும் படங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம். மற்ற படங்களுக்கும் தியேட்டர்களுக்கும் கூடுதல் அவகாசம் தரப்பட்டது.

தமிழ் ரசிகர்களுக்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பெரிய நடிகர்களின் தமிழ்ப் படம் இன்று தெலுங்கு, இந்தி என்று சேர்ந்தே வெளியாகிறது. எனவே அது முதல் கெடுவுக்குள்ளேயே வந்துவிட்டது. தமிழில் மட்டும் வரும் சின்னப் படம் அந்தக் கெடுவில் பின்னால் நின்றது. என் நண்பரைப் போன்றவர்கள் ஏங்குவது பெரும்பாலும் அந்தச் சின்னப் படங்களுக்குத்தான். சத்தம் போடும் பெரிய படத்தில் பாதியையாவது ஊகித்துவிடலாம், அமைதியாக நகரும் படத்தில் அதுவும் முடியாது.

2024 நவம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 'ராஜீவ் ரதூரி' வழக்கில் சொன்னதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பார்வையற்றவரான மனுதாரர் 2005இல் தொடுத்த வழக்கு அது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் விதிகளில் அணுகல் தரநிலைகளை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்த 15ஆவது விதி, தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்றும், மீறவே கூடாத கட்டாயத் தரநிலைகளை மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. சினிமா பற்றிய வழக்கு இல்லை என்றாலும், 'கேட்டுக்கொள்கிறோம்' என்ற பாணியில் உரிமையைக் கொடுக்க முடியாது என்று அது தெளிவாக்கிவிட்டது.

தியேட்டர் வாசலில்

இனி சிக்கலுக்கு வருவோம். விவரணைத் தடம் தயாராகிவிட்டது, தணிக்கை வாரியமும் பார்த்துவிட்டது. அது ரசிகரின் காதுக்கு வந்துவிட்டதா?

தொழில்நுட்பத்தில் தடை ஒன்றும் இல்லை. டிஜிட்டல் சினிமாவில் படம் டிசிபி என்ற கோப்புத் தொகுப்பாகத்தான் தியேட்டருக்கு வருகிறது. அதில் 16 ஒலித்தடங்கள் வரை இடம் உண்டு, 8ஆவது தடத்தைப் பார்வையற்றோருக்கான விவரணைக்கென்றே உலகம் முழுக்க ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தத் தடத்தைத் தியேட்டர் தரும் ஹெட்செட்டுக்கு அனுப்பலாம். இன்னொரு வழி, ரசிகரின் சொந்த போன். விவரணைக் கோப்பை ஆப்பில் முன்கூட்டியே இறக்கிக்கொண்டு போனால், போனின் மைக் திரை ஒலியைக் கேட்டு, படம் எந்த நொடியில் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, இயர்போனில் விவரணையைச் சேர்த்து ஓட்டும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. தியேட்டருக்கும் செலவு இல்லை.

அடைபடுவது வேறு இடங்களில். எந்தப் படத்துக்கு விவரணை இருக்கிறது, எந்த ஆப்பில் இருக்கிறது என்று போஸ்டரிலோ டிக்கெட் தளத்திலோ கண்ணில் படுவதில்லை. டிக்கெட் எடுக்கும் ஆப்பில் சீட் வரைபடம் வெறும் படமாக இருந்தால், போன் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதி ஒவ்வொரு சீட்டுக்கும் 'பட்டன், பட்டன்' என்று மட்டும் சொல்லும், வரிசையும் எண்ணும் தெரியாது. அப்புறம் வாசல். ஒருமுறை ஒரு தியேட்டரில் என் நண்பர் இரண்டு காதிலும் இயர்போனோடு, மைக் திறந்திருக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊழியர் வந்து, படத்தைப் பதிவு செய்கிறார் என்று போனை அணைக்கச் சொன்னார். அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. திருட்டுப் பதிவைத் தடுக்கத்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இப்படி ஒரு வசதி இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேலாளரைக் கூப்பிட்டு விளக்கி முடிப்பதற்குள் படத்தின் தொடக்கம் போய்விட்டது.

'பதான்' உத்தரவு ஓடிடியோடு நின்றதை நான் குறையாகவே பார்க்கிறேன். அன்றைய நிலையில் நீதிபதிக்கு வேறு வழி இருந்திருக்காது என்பதும் புரிகிறது. ஓடிடியில் விவரணை வருவது பெரிய விஷயம்தான், வீட்டில் தனியாக, வேண்டும்போது நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் முதல் வாரக் கூட்டம், திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்தப் படத்தைப் பற்றி நடக்கும் பேச்சு, இவையெல்லாம் தியேட்டரோடு சேர்ந்தவை. எல்லோரும் பேசி முடித்து இரண்டு மாதம் கழித்து ஒருவர் வீட்டில் தனியாகப் பார்ப்பது சமமான பொழுதுபோக்கு ஆகாது.

அமெரிக்காவில் இதையே மறுமுனையிலிருந்து பிடித்தார்கள். 2016 டிசம்பரில் அந்நாட்டு நீதித்துறை வெளியிட்ட விதி, படத்துக்கு விவரணை செய் என்று தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தவில்லை. விவரணையோடு வரும் படத்தை டிஜிட்டலில் ஓட்டும் தியேட்டரைத்தான் பிடித்தது. இரண்டு திரைக்கு ஒன்று என்ற கணக்கில், குறைந்தது இரண்டு கருவிகள் வைத்திருக்க வேண்டும். அதை எடுத்துக் கொடுக்கவும் இயக்கவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஓர் ஊழியர் காட்சி நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். எந்தக் காட்சிக்கு விவரணை உண்டு என்று விளம்பரத்தில் தெரிவிக்க வேண்டும். நம் வழிகாட்டுதல் படத்தைத் தயாரிப்பவரிடம் தொடங்கியிருக்கிறது, அது நல்ல தொடக்கம். தியேட்டர் முனையில் இந்த மூன்றும் அதே அழுத்தத்தோடு வராத வரை 8ஆவது தடம் காலியாகத்தான் ஓடும்.

தமிழைப் பொறுத்தவரை இன்னொன்றும் கேட்டாக வேண்டும். பல மொழியில் வரும் படத்துக்கு ஒரே ஒரு மொழியில் விவரணை செய்து கணக்குக் காட்டிவிடக் கூடாது. வசனம் தமிழிலும் விவரணை இந்தியிலும் ஓடினால் மதுரையில் இருப்பவருக்கு அதனால் என்ன பயன்? ஒவ்வொரு மொழிப் பதிப்புக்கும் அந்தந்த மொழியில் விவரணை என்பது விதியிலேயே இருக்க வேண்டும். எழுத ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வானொலி நாடகம் எழுதியவர்களும் நடித்தவர்களும் குரல் ஏற்ற இறக்கத்தில் காட்சியைக் கொண்டுவரத் தெரிந்தவர்கள். எழுதியதைச் சரிபார்க்கும் வேலையை, சம்பளம் கொடுத்து, தமிழ் இலக்கியம் படித்த பார்வையற்ற பட்டதாரிகளிடம் கொடுக்க வேண்டும். எந்த வரி புரியவில்லை, எந்த வரி தேவையில்லை, எங்கே விவரணை பாட்டை மறைக்கிறது என்று அவர்கள் குறித்துக் கொடுத்த பிறகே தடம் தணிக்கைக்குப் போக வேண்டும்.